நாயக்கர் மகால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு முதல்முறை வருபவர்களும் சரி, விளக்குத்தூணுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் சரி, திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால் சில பதில்கள் கூடுதலாக விளங்கும்.

1. இது ராஜா குடியிருந்த வீடா, இல்ல அரசாங்கம் நடந்த இடமா?

இரண்டும்தான். ஆனால் இன்றைக்கு நிற்கிற பகுதி பெரும்பாலும் அரசாங்கம் நடந்த பகுதி. மதுரை நாயக்க அரசின் தலைமையிடம் இது. அரியணை இருந்த கொலு மண்டபம், மனு கொடுக்க வந்தவர்களும் பாளையக்காரர்களும் தூதர்களும் கூடிய முற்றம், அரசர் அமர்ந்து ஆடல் பாடல் பார்த்த நாடக சாலை ஆகியவை தப்பியிருக்கின்றன. அந்தப்புரம், ஆயுதக் கிடங்கு, பல்லக்குக் கொட்டில், குளம், தோட்டம் எல்லாம் போய்விட்டன.

பலரும் உள்ளே வந்ததும் ராஜா தூங்கிய அறையைத் தேடுகிறார்கள். அது இல்லை என்றதும் ஏமாற்றம். ஒரு தலைமைச் செயலகத்தின் தர்பார் கூடத்துக்குள் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், ஏன் இவ்வளவு பெரிய முற்றம், ஏன் இவ்வளவு உயரமான தூண் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

2. யார் கட்டுனது, எப்போ?

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். கட்டிய ஆண்டாக 1636 சொல்லப்படுகிறது. அவருக்கு முன்னால் ஆண்ட அவருடைய அண்ணன் முத்துவீரப்பர் காலத்தில் தலைநகரம் திருச்சிராப்பள்ளிக்குப் போயிருந்தது. திருமலை நாயக்கர் அதை மதுரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு இருந்த தீராத சளி நோயை மீனாட்சியம்மன் தீர்த்துவைத்ததால் மதுரையிலேயே தங்குவதாக நேர்ந்துகொண்டார் என்பது ஊரில் வழங்கும் கதை. கதை எப்படியிருந்தாலும், திரும்பி வந்த தலைநகரத்துக்குப் புதிய தலைமையிடம் தேவைப்பட்டது. மகால் அதற்காக எழுந்த கட்டடம்.

3. மீனாட்சி கோயில்ல இருந்து எப்படிப் போறது? எத்தனை மணி வரைக்கும் விடுவாங்க?

கோயிலிலிருந்து தென்கிழக்கே நடந்து போகும் தூரம்தான். இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழமாசி வீதியில் தெற்கே வந்தால் தெற்கு மாசி வீதி சேரும் மூலையில் விளக்குத்தூண். அங்கிருந்து பத்துத்தூண் பக்கமாகப் போய் மகாலை அடையலாம். ஆட்டோவைவிட நடையே நல்லது. ஏன் என்று 5ஆம் கேள்வியில் தெரியும்.

காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பார்வை நேரம். மதியம் சிறிது நேரம் டிக்கெட் கொடுப்பதை நிறுத்துவது உண்டு. இரவில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி மராமத்து நாட்களிலும் மழையிலும் நிற்கும் என்பதால், அதற்காகவே வருகிறவர்கள் அன்று காலையில் டிக்கெட் கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுக்க நினைப்பவர்கள் காலையில் வாருங்கள். கொலு மண்டபம் கிழக்கு நோக்கியது; காலை வெயில் நேராக அதன் முகப்பில் விழும்.

4. இவ்வளவுதான் அரண்மனையா? இதைப் போயி பெரிய அரண்மனைங்கிறாங்களே?

இன்று இருப்பது முழு அரண்மனையில் சுமார் நாலில் ஒரு பங்கு. மகால் இரண்டு பெரும் பிரிவாக இருந்தது: ஒன்று சொர்க்க விலாசம், இன்னொன்று ரங்க விலாசம். சொர்க்க விலாசத்தில் அரசர் இருந்தார், ரங்க விலாசத்தில் அவருடைய தம்பி இருந்தார் என்று சொல்வார்கள். ரங்க விலாசம் ஏறக்குறைய முழுதும் மறைந்துவிட்டது. சொர்க்க விலாசத்திலும் முற்றமும் அதைச் சுற்றிய மண்டபங்களும் நாடக சாலையும்தான் மிச்சம்.

5. பத்துத்தூண் சந்துல துணிக்கடைக்கு நடுவுல நிக்கிற தூணுங்க இதோட சேர்ந்ததா?

ஆமாம். அரண்மனை வடக்குப் பக்கம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அவைதான் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. மகாலுக்குள் இருக்கும் தூண்கள் சுண்ணம் பூசி வெள்ளையாக இருக்கும். பத்துத்தூணில் கல் வெளியே தெரியும். ஆகவே முதலில் பத்துத்தூணைப் பார்த்துவிட்டு மகாலுக்குள் போனால், பூச்சுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது மனதில் பதியும். நடந்து போகச் சொன்னது இதற்காகத்தான்.

தூண்கள் போன இடத்திலும் தெருப்பெயர்கள் தங்கியிருக்கின்றன. நவபத்கானா தெரு என்பது அரண்மனை வாசலில் முரசும் நாகசுரமும் ஒலித்த மேளக் கொட்டிலின் பெயர். மகால் தெருக்கள், மகால் வடம்போக்கித் தெரு, வரிசையாக எண் போட்ட பந்தடித் தெருக்கள் எல்லாம் அரண்மனை வளாகத்தின் மேலும் அதன் ஓரத்திலும் முளைத்தவை. பந்தடி என்பது அரண்மனையார் பந்து விளையாடிய திடல் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் விளக்கம். மகாலைச் சுற்றியுள்ள இந்தத் தெருக்களில் பட்டுநூல்காரர்கள் என்று ஊர் அழைக்கும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கின்றன. அவர்களுடைய நெசவுக்கு அரண்மனையை விடப் பெரிய வாடிக்கை அந்தக் காலத்தில் வேறு எது?

6. அரண்மனைன்னா ஊருக்கு நடுவுல இருக்கணும்ல? இது ஏன் ஓரத்துல இருக்கு?

மதுரையின் நடு, மீனாட்சி கோயில். அதைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரியும். அந்த நடுவில் அரசனுக்கு இடம் கிடையாது. கோட்டைக்குள் தென்கிழக்குப் பகுதியில், வீதிச் சதுரங்களைக் கலைக்காமல் அரண்மனை அமைந்தது.

அன்றைக்கு இது ஊரின் ஓரம் என்பதைவிடக் கோட்டையின் உட்புறம் என்பதே சரி. கோட்டை மதில் இப்போது இல்லாததால் நமக்கு அது தெரிவதில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் ஈடுபட்ட மாரெட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் வீதிகள் உண்டு. மதிலுக்கு வெளியே இருந்த இடம் வெளி வீதி ஆனது. பிளாக்பர்ன் நினைவுக்கு வைத்ததுதான் விளக்குத்தூண்.

7. உள்ள போனா எதை எந்த வரிசையில பார்க்கணும்?

இப்போது நுழைவது கிழக்குப் பக்கம். நுழைந்ததும் திறந்த முற்றம்: கிழக்கு மேற்காக ஏறக்குறைய 244 அடி, தெற்கு வடக்காக 142 அடி. நான்கு பக்கமும் தூண் வரிசை. எதிரே மேற்கில் படியேறினால் சொர்க்க விலாசம், அதாவது கொலு மண்டபம். அந்தப் படியின் இருபுறமும் ஒருகாலத்தில் குதிரை வீரர் சிலைகள் இருந்தன.

கொலு மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். சதுரமான அடித்தளம் எண்முகமாகி, எண்முகம் வட்டமாகி, வட்டத்தின் மேல் குவிமாடம் அமர்ந்திருக்கும். குறுக்களவு ஏறக்குறைய 60 அடி. அதன் பிறகு வடமேற்கில் நாடக சாலைக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் அளந்தபோது அதன் நீளம் 120 அடி, தூணுக்குத் தூண் அகலம் 67 அடி, கூரையின் நடு உயரம் 70 அடி. தொல்லியல் துறையின் சிற்பங்களும் கல்வெட்டுகளும் மகாலுக்குள்ளேயே காட்சிக்கு உள்ளன. பெரும்பாலானோர் முற்றத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாடக சாலையைத் தவறவிடாதீர்கள். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்ச் சேரும் அழகு அங்கேதான் முழுமையாகத் தெரியும்.

8. தூண் உயரம் ஒரு புக்குல 42 அடிங்கிறான், இன்னொன்னுல 65ங்கிறான். எது சரி?

இரண்டும் சரி, அளந்த இடம்தான் வேறு. தரையிலிருந்து தூணின் தலைவரை சுமார் 13 மீட்டர். அதாவது 42 அடி சொச்சம். தூணின் தலையிலிருந்து இதழ் வளைவு எழும்புகிறது. அதற்கு மேல் அலங்காரப் பட்டையும், கொடுங்கை எனப்படும் வெளியே நீட்டிய கூரை விளிம்பும். அவற்றையும் சேர்த்தால் 20 மீட்டர், 65 அடிக்குச் சற்று மேல். இடையில் 58 அடி என்று ஓர் எண்ணும் உலவுகிறது. எங்கிருந்து எதுவரை என்று சொல்லாத அளவை எழுதிக்கொள்ள வேண்டாம்.

சுற்றளவு 4 மீட்டர். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாது. தூண்களின் மொத்த எண்ணிக்கையாக 248 என்று சொல்லப்படுகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள பெரிய தூண்களை மட்டும் எண்ணிவிட்டுக் கணக்கு இடிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. சிறிய தூண்களையும் உள் மண்டபங்களையும் சேர்த்துத்தான் அந்த எண்.

9. உத்திரமே இல்லாம, இரும்பு இல்லாம இது எப்படி நிக்குது?

தூண் கல். தூணுக்கு மேலே எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மரச்சட்டமோ இரும்போ கூரையைத் தாங்கவில்லை. வளைவும் குவிமாடமும்தான் தாங்குகின்றன. செங்கல்லை இழுத்தால் விட்டுவிடும். அழுத்தினால் எவ்வளவு பாரமும் தாங்கும். வளைவில் இருக்கும் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அழுத்திக்கொண்டே இருப்பதால், பாரம் வளைந்து இறங்கித் தூணுக்குள் போகிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. வளைவு கீழ்நோக்கி மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். வரிசையின் நடுவில் இருக்கும் தூணை இடப்பக்க வளைவு ஒரு பக்கமும் வலப்பக்க வளைவு மறுபக்கமும் தள்ளுவதால் இரண்டும் ஈடாகிவிடும். வரிசை முடியும் இடத்தில் ஈடு கிடையாது. அங்கே பருமனான கட்டுமானம் வேண்டும், அல்லது பின்னால் இன்னொரு வரிசை முட்டுக் கொடுக்க வேண்டும். மகாலில் தூண் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நான்கு வளைவில் ஒன்றை மட்டும் இடித்தாலும் மற்றவை ஏன் ஆட்டம் காணும் என்பதும் இதிலிருந்து விளங்கும். வளைவுக் கட்டடத்தில் விரிசல் தேடுவதென்றால் முதலில் மூலையையும், அடுத்து வளைவின் உச்சியையும் பாருங்கள்.

10. சுவரு பளிங்கு மாதிரி மின்னுதே, முட்டை ஊத்திப் பூசுனதாமே?

சாதாரணச் சுண்ணாம்பு அல்ல, கிளிஞ்சல் சுண்ணாம்பு. மேல் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மினுமினுப்புக்கு முட்டை மட்டும் காரணமில்லை. அரைப்பதும் தேய்ப்பதும்தான் பெரும் பங்கு. இன்றும் செட்டிநாட்டு வீடுகளிலும் கோயில் திருப்பணிகளிலும் சுண்ணாம்பு வேலை செய்கிற கொத்தனார்கள் ஏறக்குறைய இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கிளிஞ்சலைச் சூளையில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடுவார்கள். சுட்டதைத் தண்ணீரில் போட்டு நீற்றி, சலித்து, குறைந்தது பதினைந்து நாள் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பார்கள். நீறாத கட்டி ஒன்றிரண்டு தங்கிவிட்டால் பூசிய பிறகு சுவரில் நீறி, பொரி பொரியாக வெடித்து வெளியே வரும். சாந்தில் சேர்ப்பதற்காகக் கடுக்காயை உடைத்துக் கருப்பட்டியோடு தனியாக ஊறவைப்பார்கள். செங்கல் கட்டும் சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் என்பது பழகிய கணக்கு. மேல் பூச்சுக்கு மணல் குறைந்துகொண்டே வரும். கடைசிப் பூச்சில் மணலே இருக்காது. அம்மியில் வெண்ணெய் பதத்துக்கு அரைத்த சுண்ணாம்பில் வெள்ளைக்கரு சேர்த்து, மெல்லிய தாள்போலப் பூசி, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க நுண்துளைகள் அடைந்து மெருகு ஏறும். காய்ந்த பிறகு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி மறுபடி கல்லாக மாறுகிறது. அவசரப்படுத்த முடியாது. நேர் வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காக்க வேண்டும்.

11. இதுக்கு வேண்டிய செங்கலுக்கு மண்ணு தோண்டுன பள்ளம்தான் தெப்பக்குளமாமே?

அப்படித்தான் மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் திருமலை நாயக்கர் வெட்டியதுதான். அளவு ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி. மண் தோண்டியபோது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் அதே வழக்கின் ஒரு பகுதி. இவ்வளவு செங்கல் அறுத்த கட்டடத்துக்குப் பெரிய மண் குழி ஒன்று பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதால் நம்பக்கூடிய வழக்குதான். ஆனாலும் இது வழக்கு, ஆவணம் அல்ல. எழுதும்போது அப்படியே குறிப்பிடுங்கள்.

12. இத்தாலிக்காரர் ஒருத்தர் டிசைன் பண்ணதுன்னு கைடு சொன்னாரே?

பல இடங்களில் எழுதப்படுகிறது. ஆனால் பெயரோ, கடிதமோ, கல்வெட்டோ காட்டி யாரும் நிறுவவில்லை. தடித்த உருண்டைத் தூணும் நீண்ட தூண் வரிசையும் ஐரோப்பிய மாளிகைகளை நினைவூட்டுவதால் அந்தப் பேச்சு வந்தது. மதுரையில் ஐரோப்பியர் இல்லாமலும் இல்லை. 1606லேயே இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி இங்கு வந்துவிட்டார். யாரோ ஒருவர் யோசனை சொல்லியிருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு, அவ்வளவுதான்.

இதழ் வளைவுக்கும் குவிமாடத்துக்கும் இத்தாலிவரை போக வேண்டியதில்லை. விஜயநகரத்தின் தாமரை மகாலில் அதே இதழ் வளைவுகள் திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பே இருக்கின்றன. மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். கோயில் என்றால் கருங்கல், அரண்மனை என்றால் செங்கல்லும் சுதையும், வளைவும் மாடமும் என்ற பிரிவினையை அங்கிருந்தே எடுத்துவந்தார்கள். அதன் மேல் யாளியும், சுதைப் பொம்மைகளும், பூ வேலையும் செய்தவர்கள் இந்த ஊர்க் கைவினைஞர்கள். அவர்கள் பெயர் கிடைக்கவில்லை என்பதற்காகப் புகழை எங்கோ இருக்கும் ஒருவருக்குக் கொடுப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

13. இங்க இருந்து எப்படி நாட்டை ஆண்டாங்க? இப்ப மாதிரி செகரட்டரி, மந்திரி எல்லாம் உண்டா?

உண்டு. தளவாய் படைக்கும் ஆட்சிக்கும் தலைவர். திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பையன் பெயர் பெற்றவர். பிரதானி வரவு செலவு பார்ப்பவர். ராயசம் அரசரின் ஓலைகளையும் கடிதங்களையும் எழுதும் செயலர். நாடு 72 பாளையங்களாகப் பிரிந்திருந்தது. இந்த ஏற்பாடு மதுரை நாயக்க அரசை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் செய்தது; மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கு ஒவ்வொன்றாய்ப் பாளையக்காரர்கள் பொறுப்பு என்பார்கள். அவர்கள் கப்பத்தோடும் ஆளோடும் தலைநகருக்கு வந்து நின்ற இடம் இந்த முற்றம். அதன் அளவு ஏன் அப்படி என்பதற்கு இதுதான் விடை.

அரசாங்கமும் கோயிலும் இங்கே எப்படி இணைந்தன என்பதற்குச் செங்கோல் விழா நல்ல உதாரணம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகமாகிச் செங்கோல் கொடுக்கப்படும். அந்தச் செங்கோலை நாயக்கர் பெற்று ஊர்வலமாக அரண்மனைக்குக் கொண்டுவந்து அரியணையில் வைத்து வணங்கினார் என்று சொல்லப்படுகிறது. ஆள்பவள் அம்மன், நாயக்கர் அவள் பொருட்டு ஆள்பவர் என்பதே பொருள். நவராத்திரியும் இங்கே அரச விழா. 1656 வாக்கில் மைசூர்ப் படை வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தபோது இராமநாதபுரம் சேதுபதி ரகுநாதர் படையோடு வந்து காத்தார். அதற்கு நன்றியாகக் கிடைத்தவற்றில், நவராத்திரியை இதேபோல இராமநாதபுரத்தில் கொண்டாடும் உரிமையும் ஒன்று.

14. இதை வெள்ளைக்காரன்தானே இடிச்சான்?

இல்லை. முதலில் இடித்தது திருமலை நாயக்கரின் பேரனே. 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து தூணையும் மரத்தையும் அலங்காரங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார். திருச்சியில் இன்று அரசு அருங்காட்சியகம் இருக்கும் மண்டபம் அவருடைய தர்பார் கூடம். ராணி மங்கம்மாள் மகால் என்று அழைக்கிறார்கள்.

தலைமையிடம் போனதும் கட்டடத்துக்குக் காவல் போயிற்று. 1736 வாக்கில் நாயக்கர் ஆட்சியே முடிந்தது. பிறகு ஆர்க்காட்டு நவாபு, யூசுப்கான் (மருதநாயகம்), கிழக்கிந்தியக் கும்பினி என்று மதுரைக் கோட்டையைச் சுற்றிப் போர்தான். அந்தக் காலத்தில் இது படைகள் தங்குமிடமாகவும் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கல்லும் செங்கல்லும் எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வளைவை உருவினால் என்ன ஆகும் என்பதை 9ஆம் பதிலில் பார்த்தோம். பல பகுதிகள் அப்படித்தான் தாமாகவே சரிந்திருக்க வேண்டும்.

15. எங்க தாத்தா இங்க கேஸுக்கு வந்திருக்கேன்னு சொல்வாரு. கோர்ட்டு இருந்துச்சா?

தாத்தா சொன்னது சரி. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கி வேலை தொடங்கினார். கட்டடக் கலைஞர் சிஷோம் இதை ஆராய்ந்து எழுதினார். திருவனந்தபுரத்தில் நேப்பியர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் அவர்தான். பழுதுபார்த்த மகாலுக்குள் மாவட்ட நீதிமன்றமும் அலுவலகங்களும் வந்தன. 1970 வரை நீதிமன்றம் நடந்தது. அதன் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்புக்கு வந்தது.

நாயக்கர் கொலுவீற்றிருந்த மாடத்தின் கீழேயே நீதிபதி அமர்ந்தார். தடுப்புச் சுவரும் அலமாரியும் வைத்து அழகைக் கெடுத்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நூறு ஆண்டு அரசு அலுவலகமாக இருந்ததால்தான் இதற்குக் கூரை மிஞ்சியது. அலுவலகம் வராத ரங்க விலாசத்தில் பத்துத் தூண்தான் மிச்சம்.

16. அப்ப நாம பார்க்குறது நாயக்கர் கட்டுனதா, நேப்பியர் கட்டுனதா?

தூண்களும் வளைவுகளின் அமைப்பும் முற்றத்தின் அளவும் நாயக்கர் காலத்தவை. பூச்சிலும் வண்ணத்திலும் மேற்கூரையிலும் பெரும் பகுதி 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் செய்தது. மஞ்சளும் சிவப்புமாக விதானத்தில் தெரியும் வண்ணப் பூ வேலையைப் பார்த்து 1636ஆம் ஆண்டு ஓவியம் என்று எழுதிவிடாதீர்கள்.

சரிபார்க்க இரண்டு சாட்சிகள் உண்டு. தாமஸ், வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் மதுரைக்கு வந்து இடிந்த நிலையில் இருந்த மகாலை வரைந்தார்கள். 1858இல் லினியஸ் டிரைப் மதுரையில் புகைப்படங்கள் எடுத்தார். இரண்டும் நேப்பியருக்கு முந்தியவை. நீங்கள் நிற்கும் இடத்தின் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், படத்தில் திறந்த வெளியாக இருந்து இன்று மூடியிருப்பது எது என்று தெரிந்துவிடும்.

17. கூரையில ஓட்டை போட்டு நகையைத் திருடுனவனுக்கு ராஜா ஜாகீர் குடுத்தாராமே?

மகாலில் எல்லாரும் கேட்கும் கதை. கன்னக்கோல் வைத்து மாடத்தைத் துளைத்து இறங்கி ஒருவன் அரச நகையைத் திருடினான். நகையைத் திருப்பிக் கொடுத்தால் மானியம் தருவதாக நாயக்கர் பறையறைந்தார். திருடன் வந்தான், சொன்னபடி மானியத்தைக் கொடுத்துவிட்டு, உடனே தலையையும் வெட்டினார் என்று முடியும். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு உண்மை இதற்குள் இருக்கிறது. செங்கல் மாடத்தில் ஒரு ஆள் இறங்கும் துளை போட்டாலும் மாடம் விழாது. பாரம் துளையைச் சுற்றி வழி மாறிக்கொள்ளும். வளைவின் அடிக்காலை உருவுவதுதான் ஆபத்து.

18. மகால்ல இருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருக்கா?

அப்படி நிரூபிக்கப்பட்ட சுரங்கம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் பழைய அரண்மனை இருக்கும் ஊரெல்லாம் இந்தப் பேச்சு உண்டு. மழைநீர் வடியும் பழைய கால்வாயின் வாயைப் பார்த்தவர்கள் சுரங்கம் என்று சொல்லிவிடுவார்கள். அரசர் கோயிலுக்குப் போவது ஊர் பார்க்க வேண்டிய விழா. ஒளிந்து போவதற்கு அவருக்கு என்ன அவசியம்?

19. அங்கங்க பூச்சு உதிருது, வெள்ளை வெள்ளையா பூக்குது. சிமெண்ட் வச்சு ஒரேயடியாப் பூசிட்டா என்ன?

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும், ஆனால் மிகவும் தவறான யோசனை. செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்ட் அதை விடாது. கூரையிலிருந்தோ தரையிலிருந்தோ வந்த ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் சிக்கி, செங்கல்லில் உள்ள உப்பைக் கரைத்து, காயும்போது படிகமாக்கும். படிகம் பெருக்கப் பெருக்க செங்கல்லின் முகமே உரிந்து வரும். வெள்ளையாகப் பூப்பது அந்த உப்புதான். மேலும் சிமெண்ட் சுண்ணாம்பைவிட இறுக்கமானது. கட்டடம் வெயிலில் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு கூடவே அசையும். சிமெண்ட் பாளமாகப் பிரியும், வரும்போது பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும்.

சரியான வரிசை இதுதான். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும்: கூரையின் தளவரிசை, வடிகுழாய், புறா எச்சம் அடைத்த நீர்த்தாரை. மாடத்தின் இடுக்கில் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளை வெறுமனே வெட்டினால் வேர் உள்ளே தடிக்கும். சிறியதாக இருக்கும்போதே வேரை அழித்து, அந்த இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சுவர் காய்ந்த பிறகு, தட்டிப் பார்த்து ‘டொக்கு’ச் சத்தம் கேட்கும் பூச்சை மட்டும் எடுத்து, செங்கல்லை நனைத்து, 10ஆம் பதிலில் சொன்ன முறையில் படிப்படியாகப் பூச வேண்டும். ஈரம் காயாமல் மேலே பூசியது அடுத்த மழைக்கு நிற்காது. வருகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தூணில் பெயர் கீறாதீர்கள். மெருகேற்றிய மேல்தோல் தாள் கனம்தான். கீறிய இடம் வழியாகத்தான் ஈரம் முதலில் நுழைகிறது.

20. தமுக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனை எல்லாம் இதோட பகுதியா?

இல்லை. தமுக்கம் அரண்மனை வைகைக்கு வடகரையில் தனியாக இருக்கிறது. ஆட்சியாளர்கள் விழாக்களையும் யானைச் சண்டை போன்றவற்றையும் பார்த்த மாளிகை அது. ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும். பிற்பாடு ஆங்கிலேய அதிகாரிகள் குடியிருந்தார்கள். 1959இல் அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. திருமலை நாயக்கர் இறந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு.

21. ஆர்க்கிடெக்சர் படிக்கிறோம், அளவெடுத்து வரையணும். எங்க ஆரம்பிக்கிறது?

முதலில் தொல்லியல் துறையிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். முக்காலி வைத்த கருவிகளுக்குத் தனியாகக் கேட்பார்கள். கூட்டம் குறைந்த வேலைநாள் காலையில் வாருங்கள்.

முற்றத்தில் ஆரம்பியுங்கள். நான்கு பக்கத்தையும் அளந்தால் போதாது. இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 7ஆம் பதிலில் சொன்ன 244க்கு 142 சரியான செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் 282 அடிக்குப் பக்கத்தில் வரும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் முற்றத்தின் மூலைகள் நேர்கோணமாக இல்லை, அல்லது நாடாவை ஒரு முனையில் தூணின் அடிப்பீடத்திலும் மறுமுனையில் தூண் உடலிலும் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பின்னது பெரும்பாலான மாணவர்கள் செய்யும் பிழை. தூண் தடிமனுக்குச் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுங்கள்: 4 மீட்டர் என்றால் குறுக்களவு 1.27 மீட்டர். பூச்சு கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே தூணை மூன்று உயரத்தில் அளந்து எழுதுங்கள்.

உயரத்துக்கு ஏணி வேண்டாம். 45 பாகையில் கொடுங்கையின் மேல்விளிம்பு தெரியும்வரை பின்னால் நகர்ந்து, தூணின் அடிவரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் போதும். கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால், தூணிலிருந்து 18.5 மீட்டர் தள்ளி நிற்கையில் 20 மீட்டர் கிடைக்க வேண்டும். முற்றத்தின் குறுகிய பக்கமே 43 மீட்டர் இருப்பதால் எல்லாப் பக்கத்துக்கும் இடம் தாராளம். நாடக சாலைக்குள் மட்டும் இது சரிப்படாது. நடுக்கூரைக்கு நேர் கீழே லேசர் அளவியைத் தரையில் நிமிர்த்தி வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.